ஆபீஸ் சர்வரை வீட்டிலிருந்து திறக்க ஃபயர்வால் போதுமா, விபிஎன்னும் வேண்டுமா?

இரண்டும் வேண்டும். ஃபயர்வால் வாசலில் நிற்கும் காவலாளி. எந்த வாசலில் யாரை விடலாம் என்ற பட்டியல் அதனிடம் இருக்கும். விபிஎன், வெளியூரில் இருக்கும் உங்களைப் பூட்டிய தனிப் பாதையில் உள்ளே கூட்டிவருவது.

சர்வரில் உள்ள டேலியை வீட்டிலிருந்து பார்க்க, பலரும் ரவுட்டரில் 3389 என்ற எண்ணுள்ள போர்ட்டை, அதாவது வாசலை, திறந்துவிடுகிறார்கள். வேறிடத்திலிருந்து கணினியை இயக்க உதவும் விண்டோஸ் ரிமோட் டெஸ்க்டாப்பின் வழக்கமான போர்ட் அது. இணையத்தைத் துழாவிக்கொண்டே இருக்கும் தானியங்கி நிரல்கள் அதைக் கண்டுபிடித்து, பாஸ்வேர்டுகளை ஒவ்வொன்றாக முயலும். பலமான பாஸ்வேர்டும் எப்போதும் காப்பாற்றாது: 2019இல் தெரியவந்த புளூகீப் ஓட்டை வழியாக, விண்டோஸ் 7 போன்ற பழைய கணினிகளில் பாஸ்வேர்டே இல்லாமல் நுழைய முடிந்தது. பீரோவைத் தெருத்திண்ணையில் வைத்துவிட்டு 'பூட்டு நல்ல பூட்டுதான்' என்று சொல்வதைப் போன்றது இது. விபிஎன் வைத்தால் பீரோ உள்ளறைக்குப் போய்விடும்.

சரி, எதை வாங்குவது? ஐந்தாறு பேர் உள்ள ஆபீஸ் என்றால், இரண்டு நெட்வொர்க் கார்டு உள்ள பழைய கணினியில் இலவசமான ஓபிஎன்சென்ஸ் என்ற ஃபயர்வால் மென்பொருள், அதிலேயே வயர்கார்டு விபிஎன் என்பேன். சரியான சாவி இல்லாமல் தட்டுபவருக்கு வயர்கார்டு பதிலே சொல்லாது. ஒருவர் வேலையை விட்டால் அவர் சாவியை மட்டும் நீக்கலாம். அதற்கு முன், உங்கள் இணைப்புக்குத் தனிப் பொது ஐபி (இணையத்தில் உங்களுக்கே உரிய முகவரி) உண்டா என்று இணைய நிறுவனத்திடம் கேட்டுக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் வெளியிலிருந்து நேராக உள்ளே வர முடியாது.

அப்புறம், 3389ஐ வேறு எண்ணுக்கு மாற்றினால் போதும் என்பார்கள். இருப்பதே 65,535 எண்கள்தான், அத்தனையையும் தட்டிப் பார்க்க ஒரு நிரலுக்கு அதிக நேரம் ஆகாது.