கோடியில் புது மெனு போட்டதும் பழைய மெனுக்கள் மறைந்தால்

கோடி (Kodi) என்ற மீடியா பிளேயரில் 'கர்நாடக சங்கீதம்' என்று சொந்தமாக ஒரு மெனு போட்டதும் பழைய மெனுக்கள் மறைந்துவிட்டன, புது மெனுவும் காலியாக வருகிறது என்று கேட்டிருந்தீர்கள். பழைய ஆர்ட்டிஸ்ட், ஆல்பம் மெனுக்கள் அழியவில்லை, பயப்படாதீங்க. கோடி நிறுவிய இடத்தில் சிஸ்டம் > லைப்ரரி > மியூசிக் ஃபோல்டரில் உள்ள எல்லாவற்றையும், நீங்கள் யூசர்டேட்டா (உங்கள் சொந்த அமைப்புகளைக் கோடி வைக்கும் ஃபோல்டர்) > லைப்ரரி > மியூசிக்கில் வைத்த கோப்புக்குப் பக்கத்திலேயே காப்பி செய்யுங்கள். கோடியை மூடித் திறந்தால் வந்துவிடும்.

யூசர்டேட்டாவில் அந்த ஃபோல்டர் இருந்தாலே, கோடி தன் சொந்த மெனுக்களைப் பார்க்காது. நீங்கள் மெனுவை எழுதி வைத்த ஒரே ஒரு எக்ஸ்எம்எல் கோப்புதான் முழு மெனு என்று எடுத்துக்கொள்ளும். பலரும் தடுக்கி விழும் இடம் இது.

அடுத்து, 'கர்நாடக சங்கீதம்' மெனு காலியாக வருவது. எந்த ஜானர் (இசை வகை) பாட்டுகள் வர வேண்டும் என்று அந்தக் கோப்பில் சொல்லும் விதியில் 'ஈஸ்' (is) போட்டிருக்கிறீர்கள். அது ஜானரின் முழுப் பெயரும் பொருந்தினால்தான் பாட்டைக் காட்டும். ஜானர் பட்டியலைத் திறந்து பாருங்கள். ஒரு ஆல்பத்தில் 'கர்நாடிக்', இன்னொன்றில் 'கர்நாடிக் வோக்கல்' என்று இருக்கும். 'ஈஸ்' இடத்தில் 'கன்டெயின்ஸ்' (contains) போட்டு, மதிப்பில் 'கர்நாடிக்' மட்டும் கொடுத்தால் இரண்டும் வரும். பொறுமை இருந்தால் எம்பி3டேக் என்ற மென்பொருளில், பாட்டுக் கோப்புக்குள் ஜானர் எழுதியிருக்கும் டேகையே ஒன்றாக்கி, லைப்ரரியை மறுபடி ஸ்கேன் செய்யுங்கள். அதுதான் நிலைக்கும்.

ஒன்று மட்டும்: கோடி புதுப் பதிப்பில் புது மெனு சேர்த்தால் அது உங்களுக்குத் தானாக வராது, மறுபடி காப்பி செய்ய வேண்டும். அதற்கு முன் உங்கள் கோப்பை வேறிடத்தில் பத்திரப்படுத்துங்கள்.