புகார் போய்ச் சேரும் மேஜை

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். உங்களை நாலைந்து வருடமாக வாசிக்கிறேன். எழுதுவது இதுதான் முதல்முறை.

நானும் என் நண்பனும் சேர்ந்து, தெருவிளக்கு எரியாவிட்டால் புகார் செய்ய ஓர் ஆப் செய்திருக்கிறோம். படம் எடுத்தால் போதும், இடம் தானாகவே பதிவாகிவிடும். வேலை முடிந்து வந்து ராத்திரிகளில் உட்கார்ந்து ஆறு மாதத்தில் முடித்தோம். முந்நூறு பேர் இறக்கிக்கொண்டார்கள். புகார்களும் வருகின்றன. ஆனால் எங்களுக்குத் தெரிந்து அதனால் எரிந்த விளக்கு நாலைந்துதான்.

ஆரம்பநிலையில் இருக்கும் குடிமைத் தொழில்நுட்ப முயற்சிகளுக்கென்று ஒரு பயிற்சி ஃபெலோஷிப் அறிவித்திருக்கிறார்கள். ஒன்பது மாதம். வகுப்புகள், ஒரு மென்டர், மாதம் ஒரு சிறு உதவித்தொகை, கடைசியில் டெமோ நாள். முழுநேரம் என்பதால் எங்களில் ஒருவராவது வேலையை விட வேண்டும். ‘இதெல்லாம் ரெஸ்யூமில் ஒரு வரி, அவ்வளவுதான்’ என்கிறான் நண்பன். அங்கே போய் ஐடியாவைச் சொன்னால் வேறு யாராவது முந்திக்கொள்வார்களோ என்று எனக்குப் பயம். நீங்கள் அரசு அலுவலகத்தில் வேலை பார்த்தவர் என்பதால் கேட்கிறேன். போகலாமா? விண்ணப்பிக்க இன்னும் மூன்று வாரம் இருக்கிறது.

அன்புடன்,
க.

அன்புள்ள க.,

போகலாம். ஆனால் அந்த ஆப்பை வளர்க்கிறேன் என்று போகாதீர்கள்.

முதலில் உங்கள் நாலைந்து விளக்குகளைப் பற்றிப் பேசிவிடுவோம். பணியில் இருந்த காலத்தில் சில வருடம் நான் புகார்ப் பிரிவில் உட்கார்ந்திருந்தேன். வெளியிலிருந்து யாரோ செய்துகொடுத்த புகார் இணையதளம் ஒன்று எங்களுக்கு வந்து சேர்ந்தது. பார்க்க லட்சணமாக இருக்கும். காலையில் வந்ததும் அதைத் திறந்து, இரவு வந்த புகார்களை அச்செடுப்போம். அச்செடுத்ததை ஒருவர் பதிவேட்டில் கையால் ஏற்றுவார். ஏனென்றால் விளக்கு மாட்டப் போகிற ஊழியர் எடுத்துக்கொண்டு போவது பதிவேட்டைப் பார்த்து எழுதிய துண்டுச்சீட்டைத்தான். பதிவேட்டில் ‘கம்ப எண்’ என்று ஒரு கட்டம் உண்டு. இணையதளத்தில் அந்தக் கட்டம் கிடையாது. அதற்குப் பதில் வரைபடத்தில் ஒரு சிவப்புப் புள்ளி இருக்கும். புள்ளி பெரும்பாலும் இரண்டு கம்பங்களுக்கு நடுவே விழுந்திருக்கும், சிலசமயம் யார் வீட்டு மொட்டைமாடியிலாவது.

ஊழியர் போவது பகலில். பகலில் எல்லா விளக்கும் அணைந்துதான் இருக்கும். எது கெட்டது என்று அவர் எப்படிக் கண்டுபிடிப்பார்? தெருவில் யாரையாவது கேட்பார். ஆள் இல்லையென்றால் திரும்பி வந்துவிடுவார். சீட்டில் ‘ஆய்வு செய்யப்பட்டது’ என்று எழுதிக் கொடுப்பார். நாங்கள் அதைக் கணினியில் ஏற்றுவோம், புகார் பச்சை நிறமாகிவிடும். மாதக் கடைசியில் எங்கள் பிரிவின் அறிக்கையைப் பார்த்தால் ஊரே ஜெகஜ்ஜோதியாக இருப்பதுபோல் தெரியும்.

அந்த இணையதளத்தைச் செய்தவர்கள் ஒருநாள்கூட எங்கள் அறைப் பக்கம் வந்ததில்லை. அவர்களை மட்டும் குறை சொல்ல முடியாது, கூப்பிட வேண்டும் என்று எங்களுக்கும் தோன்றவில்லை. வந்து ஒரு காலைப்பொழுது உட்கார்ந்திருந்தால் ஒரே ஒரு கட்டத்தைக் கூடுதலாகப் போட்டிருப்பார்கள். உங்கள் ஆப்பில் கம்ப எண் கேட்கிறீர்களா? கடிதத்தைப் படித்ததும் எனக்கு முதலில் வந்த கேள்வி அதுதான்.

ஐடியா திருடு போகும் என்ற பயத்தை இப்போதே விட்டுவிடுங்கள். திருடுவதற்கு அங்கே ஒன்றும் இல்லை. பிரிட்டனில் மைசொசைட்டி என்ற அமைப்பு 2007-லேயே ஃபிக்ஸ்மைஸ்ட்ரீட் என்று ஒரு புகார்த் தளத்தைத் தொடங்கிவிட்டது. உங்கள் ஆப்புக்கு அது பெரியப்பா முறை. எல்லோரும் அதில் பார்ப்பது வரைபடத்தை, ஆனால் அதன் நிஜமான வேலை வரைபடத்துக்குப் பின்னால் நடக்கிறது. அங்கே பல இடங்களில் சாலையில் குழி என்றால் ஒரு கவுன்சில் (நம்மூர் உள்ளாட்சி மாதிரி), குப்பை என்றால் இன்னொரு கவுன்சில். தெருவில் நிற்பவருக்கு அந்த எல்லைகள் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. அவர் காட்டுகிற இடத்தையும் புகாரின் வகையையும் வைத்து, அது யார் மேஜைக்குப் போக வேண்டும் என்று கண்டுபிடித்து அனுப்பிவைப்பதுதான் அதன் சாமர்த்தியம். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளக்கூடிய திறந்த மூல நிரல் என்பதால் வேறு நாடுகளிலும் எடுத்துப் பயன்படுத்தியிருக்கிறார்கள். உங்கள் ஆறு மாத ராத்திரிகளில் பாதியை நீங்கள் தூங்கியே கழித்திருக்கலாம் என்று சொன்னால் கோபித்துக்கொள்ள மாட்டீர்களே?

இனி ஃபெலோஷிப். இந்தத் துறையில் இந்தச் சொல்லைப் பிரபலமாக்கியது ஜெனிஃபர் பால்கா 2009-ல் அமெரிக்காவில் தொடங்கிய கோட் ஃபார் அமெரிக்கா என்ற அமைப்பு. 2011-ல் முதல் அணிகள் நகர நிர்வாகங்களோடு ஒரு வருடம் வேலை செய்யப் போயின. பாஸ்டனுக்குப் போனவர்களில் ஒருவர், பனியில் புதைந்துபோகும் தீயணைப்புக் குழாய்களை அக்கம்பக்கத்தினர் ‘தத்தெடுத்து’ பனியை அள்ளிப்போட ஒரு சின்னச் செயலி எழுதினார். அதே நிரலை எடுத்து ஹோனலுலுவில் சுனாமி எச்சரிக்கைச் சங்குகளைத் தத்தெடுக்க வைத்தார்கள். எல்லோரும் சொல்லும் கதை இது. எனக்குப் பிடித்தது 2013-ல் சான் பிரான்சிஸ்கோவுக்குப் போன அணியின் கதை.

அங்கே ஏழைகளுக்கு உணவு வாங்க அரசு ஒரு அட்டையில் மாதாமாதம் பணம் போடுகிறது. தகுதி இருந்தும் பலருடைய பணம் திடீரென்று நின்றுபோகும். நின்றது அவர்களுக்குத் தெரிவதே கடையில், எடுத்த பொருளுக்கு அட்டையை நீட்டும்போதுதான். ‘இந்தத் தேதிக்குள் இந்தப் படிவம் தராவிட்டால் நிறுத்தப்படும்’ என்று தபாலில் கடிதம் வந்திருக்கும். ஆனால் அந்தக் கடிதத்தின் மொழி சாதாரண ஆளுக்குப் புரியாது. அணியில் இருந்தவர்கள் தாங்களே அந்த உதவிக்கு விண்ணப்பித்து, வந்த கடிதங்களைத் தாங்களே பிரித்துப் படித்துப் பார்த்தார்கள். அப்புறம் அவர்கள் செய்தது பெரிய தளம் எதுவும் இல்லை, ஒரு குறுஞ்செய்தி. உங்கள் உதவி நின்றுபோகும் நிலையில் இருக்கிறது, அலுவலகத்தைக் கூப்பிடுங்கள் என்று எச்சரிக்கும் செய்தி, அவ்வளவுதான்.

அங்கிருந்து பிடித்த நூல்தான் பின்னால் கெட்கால்ஃபிரெஷ் என்ற, அந்த உணவு உதவிக்கு விண்ணப்பிக்கும் தளம் ஆனது. இணையத்தில் விண்ணப்பிக்க ஐம்பதுக்கும் மேற்பட்ட திரைகளைத் தாண்ட வேண்டியிருந்ததை, போனிலேயே பத்து நிமிடத்தில் முடிகிற மாதிரி ஆக்கினார்கள். 2019-ல் கலிஃபோர்னியா மாநிலத்தின் 58 கவுன்டிகளுக்கும் (நம்மூர் மாவட்டம் மாதிரி) அது போய்ச் சேர்ந்தது. கணக்குப் போட்டுப் பாருங்கள், ஆறு வருடம். ஃபெலோஷிப் அதில் முதல் வருடம் மட்டும்தான். உங்கள் ஒன்பது மாதத்தில் என்ன நடக்கும், என்ன நடக்காது என்பதை இதிலிருந்தே ஊகித்துக்கொள்ளலாம்.

ஒரு வித்தியாசத்தைக் கவனியுங்கள். அவர்கள் கையில் யோசனை எதுவும் இல்லாமல்தான் போனார்கள், இடத்தைப் பார்த்த பிறகுதான் யோசனை வந்தது. உங்களைப் போன்றவர்களுக்கு அறிவித்திருப்பது வேறு வகை. கையில் ஒரு மாதிரியோடு வருகிறவர்களை எடுத்துப் பயிற்சி கொடுக்கிறார்கள். இதில் ஒரு பொறி இருக்கிறது. தேர்வானதே அந்த ஆப்பைக் காட்டி என்பதால், ஒன்பது மாதமும் அதையே கட்டிக்கொண்டு அழத் தோன்றும். டெமோ நாளில் மேடையேற்ற ஏதாவது வேண்டும் என்பதால் நடத்துகிறவர்களும் அதைத் தடுக்க மாட்டார்கள்.

அதனால் விண்ணப்பிக்கும் முன் அவர்களிடம் ஒரு கேள்வி கேளுங்கள். நடுவில் இந்த ஆப் வேண்டாம் என்று தெரிந்து நாங்கள் அதைக் கைவிட்டால் உதவித்தொகை தொடருமா? ‘தாராளமாக’ என்று சொல்லி, முன்பு அப்படிச் செய்த அணி ஒன்றையும் காட்டினால் கண்ணை மூடிக்கொண்டு சேருங்கள். மழுப்பினால் உங்கள் நண்பன் சொன்னதுதான் சரி. பழைய அணிகளோடு பேச வைக்கச் சொன்னால் ஜெயித்தவர்களைத்தான் அறிமுகப்படுத்துவார்கள். பாதியில் நின்றவர்களின் நம்பரையும் கேட்டு வாங்குங்கள்.

வகுப்புகளைப் பற்றி ஒரு வார்த்தை. மூன்று நிமிடத்தில் பேசிக் கவரக் கற்றுக்கொடுப்பார்கள். அதைக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கேட்டால் போதும். அரசு எப்படி ஒரு பொருளை வாங்குகிறது என்ற வகுப்பு இருந்தால் முதல் பெஞ்சுக்கு வந்துவிடுங்கள். இலவசமாகக் கொடுத்தால் அலுவலகம் சந்தோஷமாக வாங்கிக்கொள்ளும் என்று நினைத்திருப்பீர்கள். நிஜத்தில் இலவசத்தை ஏற்றுக்கொள்வது எங்களுக்கு இன்னும் கஷ்டம். விலைக்கு வாங்கினால் ஒப்பந்தம் இருக்கும், பழுதானால் கூப்பிட ஆள் இருக்கும், கோப்பில் எழுத ஒரு காரணம் இருக்கும். இலவசத்துக்கு அடுத்த வருடம் சர்வர் செலவை யார் தருவது, தகவல் யார் பொறுப்பு என்று தணிக்கையில் கேட்டால் பதில் சொல்ல ஆள் இருக்காது. அதனாலேயே நல்ல சரக்கு எத்தனையோ கிடப்பில் போயிருக்கிறது.

அந்தரங்கம் பற்றிய வகுப்பையும் விட்டுவிடாதீர்கள். தெருவிளக்கில் என்ன அந்தரங்கம் என்று தோன்றும். உங்கள் ஆப்பில் வருவது எல்லாமே ராத்திரியில் எடுத்த படம். எடுத்தவர் பெயர், நம்பர், நேரம், இடம். வேலை முடிந்து இருட்டான தெரு வழியே தினமும் ஒன்பதரை மணிக்கு நடந்து வருகிற ஒரு பெண் மூன்று முறை புகார் செய்தால், அவள் எந்த வழியில் எப்போது வருகிறாள் என்பதை உங்கள் ஆப் ஊருக்கே சொல்லிவிடும். புகார் பட்டியலை எல்லோரும் பார்க்கும்படி வைத்திருந்தால் இன்றைக்கே பெயரை மறைத்துவிடுங்கள். இதற்கு ஃபெலோஷிப் வரை காத்திருக்க வேண்டாம்.

கடைசியில் ஆப்பே வேண்டாம் என்றுகூட முடிவாகலாம். 2007 கடைசியில் கென்யாவில் தேர்தலுக்குப் பின் கலவரம் வெடித்தபோது, எங்கே என்ன நடக்கிறது என்று மக்கள் தெரிவிக்கச் சில நாட்களில் எழுந்த உஷாஹிதி என்ற தளம், எந்தச் சாதாரண போனிலிருந்தும் வரும் குறுஞ்செய்தியையும் வாங்கிக்கொண்டது. கம்பத்திலேயே எண்ணும் ஒரு தொலைபேசி நம்பரும் பெரிதாக எழுதியிருந்தால் உங்கள் வேலை முடிந்துவிடுமோ என்னவோ. அப்படி ஆனால் டெமோ நாளில் பெயின்ட் டப்பாவைத் தூக்கிக்கொண்டு மேடையேறுங்கள், நான் கைதட்டுகிறேன்.

வேலையை விடுவது பற்றி. சம்பளமில்லா விடுப்பு கிடைக்குமா என்று முதலில் கேட்டுப் பாருங்கள். கிடைக்காவிட்டால், வருமானம் இல்லாமல் ஒரு வருடம் தாக்குப்பிடிக்கிற அளவு கையிருப்பு இருக்கிறவர்தான் போக வேண்டும். ஒன்பது மாதம் முடிந்த மறுநாளே யாரும் உங்கள் கையில் காசோலை தரப்போவதில்லை. ஆனால் உங்கள் இருவரில் போக வேண்டியது நண்பனோ என்று எனக்கு ஒரு சந்தேகம். அவருக்கு ஆப் மேல் மோகம் இல்லை. புகார்ப் பிரிவில் போய் உட்கார்ந்தால் அங்கே இருப்பது அவர் கண்ணில் படும், உங்களுக்கு உங்கள் ஆப்தான் தெரியும். கோபம் ஆறிய பிறகு இதை அவரிடம் சொல்லிப் பாருங்கள்.

மூன்று வாரம் இருக்கிறது என்கிறீர்கள். அதில் ஒரு நாள், விளக்கு மாட்டுகிற ஊழியர் ஒருவரோடு அனுமதி கேட்டுக்கொண்டு கூடவே போய் வாருங்கள். ஏணி பிடிக்கச் சொன்னால் பிடியுங்கள். கம்ப எண் எந்த உயரத்தில் எழுதியிருக்கிறது, அழிந்திருக்கிறதா, ராத்திரியில் போன் வெளிச்சத்தில் படிக்க முடிகிறதா என்று பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள். விண்ணப்பத்தை அப்புறம் நிரப்பலாம்.