மெல்லிய இடத்தில் பொரிகிறது, கோரஸில் கிழிகிறது: தட்டைத் திருப்பி அனுப்பலாமா?

கேள்வி: 1976இல் வந்த 'தி ஓமன்' திகில் படத்தின் இசையைப் புதிதாக அச்சிட்ட இசைத்தட்டாக, டொரன்டோவில் இருக்கும் மச்சான் அனுப்பினார். என்னிடம் இருப்பது சூட்கேஸ் போன்ற சின்ன பிளேயர். வயலின் மெதுவாகப் போகும் இடமெல்லாம் பொரியும் சத்தம். இரண்டாம் பக்க முடிவில் கோரஸ் உரக்கப் பாடும்போது குரல் கிழிகிறது. தட்டு பிழையா? (உப்புவெளி வாசகர்)

பதில்: அவசரப்பட்டுப் பார்சல் கட்டாதீர்கள். இவை இரண்டு தனித்தனிக் கோளாறுகள். கிழிவதற்குப் பெரும்பாலும் உங்கள் பிளேயர்தான் காரணம்.

தட்டு நிமிடத்துக்கு 33⅓ சுற்று சுற்றுகிறது. வெளி விளிம்பில் ஊசிக்கடியில் வினாடிக்குச் சுமார் 50 சென்ரிமீற்றர் நீளப் பள்ளம் (ஒலி பதிந்திருக்கும் கோடு) ஓடும். லேபிளை நெருங்கும்போது அது 21 அளவுக்கு இறங்கிவிடும். அதே ஒலி பாதிக்கும் குறைந்த நீளத்துக்குள் நெருக்கப்படுகிறது. அந்த இடத்திலா இசையமைப்பாளர் ஜெர்ரி கோல்ட்ஸ்மித்தின் கோரஸ் வந்து நிற்க வேண்டும்! அவருக்குக் கிடைத்த ஒரே ஒஸ்கார் இந்தப் படத்துக்குத்தான். அதில் பாதிப் பங்கு லத்தீன் மொழியில் பாடிய அந்தக் கோரஸ் பாடகர்களுக்குச் சேரும் என்பேன். ஆனால் 'ஸ்' ஒலி நிறைந்த அந்தப் பாட்டு மலிவு ஊசிக்கு எமன். சூட்கேஸ் பிளேயர்களின் செராமிக் காட்ரிஜ் (ஊசியைத் தாங்கும் பகுதி) பெரும்பாலும் 4, 5 கிராம் பாரத்தில் அழுத்தும். நல்ல மெக்னற்றிக் காட்ரிஜ்ஜுக்கு 2 கிராம் போதும். போதாததற்கு ஸ்பீக்கரும் அதே பெட்டிக்குள். பெரிய மேளம் அடித்தால் ஊசியும் சேர்ந்து ஆடும். நல்ல பிளேயர் வைத்திருக்கும் ஒருவரிடம் கொண்டுபோய் அந்தக் கடைசிப் பகுதியை மட்டும் போட்டுப் பாருங்கள்.

பொரியும் சத்தத்துக்குக் காதுதான் கருவி. 'டிக்' ஒன்று 1.8 வினாடிக்கு ஒருமுறை தவறாமல் வந்தால் அது ஒரு சுற்றுக்கு ஒன்று: கீறல் அல்லது அச்சுப் பிழை. நீண்ட வயலின் சுரம் அதே தாளத்தில் மேலும் கீழும் ஆடினால் நடுத்துளை விலகியிருக்கிறது. ஒழுங்கில்லாமல் அங்கும் இங்கும் பொரிந்தால் தூசி, இல்லையேல் மின்னேற்றம். பொப் பாட்டில் இதெல்லாம் ட்ரம்ஸுக்குள் மறைந்துவிடும். திகில் இசையோ அமைதியை வைத்தே பயமுறுத்துவது, ஒளிய இடமில்லை. உறையில் 180 கிராம் என்று போட்டிருப்பதை நம்பி ஏமாறாதீர்கள், பாரம் கூடினால் தட்டு வளைவது குறையலாம், பள்ளம் சுத்தமாகிவிடாது.

புதுத் தட்டையும் கழுவத்தான் வேண்டும். கிணற்றுத் தண்ணீர் கூடவே கூடாது, காய்ந்ததும் உப்பும் சுண்ணாம்பும் பள்ளத்தில் தங்கிவிடும். பற்றரிக்கு ஊற்றும் டிஸ்டில் வோட்டர் எடுத்து, பாத்திரம் கழுவும் திரவம் ஒரு துளி விட்டு, மைக்ரோஃபைபர் துணியால் பள்ளம் போகும் வாக்கில் துடையுங்கள். லேபிள் நனையக்கூடாது. பிறகு வெறும் டிஸ்டில் வோட்டரால் ஒருமுறை.

நம் ஊரில் கச்சான் வீசும் மாதங்களில் தூசியும் சூடும், வாடையில் ஈரமும் பூஞ்சணமும். தட்டை நிமிர்த்தி வையுங்கள், ஜன்னலோரம் வேண்டாம். கடதாசி உள்ளுறையை மாற்றி பொலித்தீன் உறை போடுங்கள். வெயிலில் நிற்கும் ஓட்டோவுக்குள் அரை மணி நேரம் வைத்தாலே தட்டு வளையக்கூடும்.

கழுவிய பிறகும் அந்த 1.8 வினாடி 'டிக்' அதே இடத்தில் கேட்டாலோ, நல்ல பிளேயரிலும் கோரஸ் கிழிந்தாலோ, தட்டில் கீறல் எதுவும் இல்லையென்றால் அது பெரும்பாலும் அச்சுப் பிழைதான், மாற்றித் தரக் கேட்பது உங்கள் உரிமை. திருப்பிக் கொடுக்கக் கடை வைத்திருக்கும் கால எல்லையை மச்சானிடம் இன்றே கேளுங்கள். சத்தத்தைப் போனில் பதிந்து அவருக்கு அனுப்பினால், தட்டு கடல் தாண்டிப் போகாமலே கடைக்காரர் வேறொன்று தரவும் கூடும்.