கட்டி முடியாத தொடர்மாடி வீட்டுக்கு முற்பணம் கொடுக்கலாமா?

கேள்வி: ஐயா, நான் திருகோணமலை உவர்மலையில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை. அலஸ்தோட்டத்தில் கடலோரமாகக் கட்டப்படவுள்ள தொடர்மாடியில் ஒரு வீட்டை 220 இலட்சம் ரூபாவுக்குப் பேசியிருக்கிறேன். முன்பதிவுப் படிவத்தில் கையொப்பமிட்டு 44 இலட்சத்தை இந்த மாதமே கட்டச் சொல்கிறார்கள். வாங்குபவரின் பணத்தைத் தனிக் கணக்கில் வைக்கச் சட்டம் இருப்பதாகச் சென்னையிலுள்ள தம்பி சொல்கிறான். கட்டலாமா?

பதில்: இப்போது கட்ட வேண்டாம், அம்மா. தம்பி சொல்வது இந்தியாவின் 2016 ஆம் ஆண்டுச் சட்டம். வாங்குவோரிடம் பெறும் பணத்தில் 70 சதவீதத்தைத் தனிக் கணக்கில் இடவேண்டும் என்றும், பதிவுசெய்த உடன்படிக்கை இல்லாமல் விலையின் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கக்கூடாது என்றும் அது கட்டுநரைக் கட்டுப்படுத்துகிறது. இலங்கையில், அலஸ்தோட்டத்தில் எழும் கட்டடத்துக்கு அது செல்லாது. எனவே அந்தப் பாதுகாப்பை நீங்கள்தான் உடன்படிக்கையில் கேட்டு எழுதுவிக்க வேண்டும்.

உங்களிடம் நீட்டப்பட்ட படிவம் அதற்குப் போதாது. 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, காணியையோ வீட்டையோ பின்னர் விற்பதாகச் செய்யும் உடன்படிக்கையும் நொத்தாரிசு முன்னிலையிலும் குறைந்தது இரு சாட்சிகள் முன்னிலையிலும் எழுத்தில் கையொப்பமாக வேண்டும். அப்படிச் செய்யாத படிவத்தை வைத்துக்கொண்டு கொடுத்த பணத்தைக் கேட்டு வழக்காடலாம். வீட்டை எழுதித் தரும்படி வற்புறுத்த முடியாது. நொத்தாரிசு உங்கள் தெரிவாக இருக்கட்டும். உடன்படிக்கையைத் திருகோணமலைக் காணிப் பதிவகத்தில் தாமதமின்றிப் பதிவுசெய்யுங்கள், ஏனெனில் அதே வீட்டை இன்னொருவர் வாங்கி முந்திப் பதிந்துவிட்டால் பதியாத உங்கள் பத்திரம் பின்தள்ளப்படலாம்.

அதே பதிவகத்தில் காணியின் உறுதிகளை (உரிமைப் பத்திரங்களை) 30 ஆண்டுகள் பின்னோக்கித் தேடுவித்து, காணி வங்கியொன்றுக்கு ஈடு வைக்கப்பட்டுள்ளதா என்று பாருங்கள். நான் மிகவும் அஞ்சுவது இந்த இடத்தைத்தான். ஈடு இருப்பது தானாகக் குற்றமில்லை. கட்டுநர்கள் பலரும் கடன் எடுத்தே கட்டுகிறார்கள். ஆனால் நிறுவனம் கடனைக் கட்டத் தவறினால், முதலில் பதிவான ஈட்டின் பேரில் வங்கி காணியை ஏலத்தில் விற்கலாம். நீங்களோ முற்பணம் கொடுத்த கடன்கொடுநர்களுள் ஒருவராக வரிசையில் நிற்பீர்கள். ஆகவே, முழு விலையும் செலுத்தப்பட்டதும் உங்கள் வீட்டை ஈட்டிலிருந்து விடுவிப்பதாக அந்த வங்கியே எழுதித் தரும் கடிதத்தைக் கேளுங்கள். விற்பனை முகவரின் வாய்மொழி அதற்கு ஈடாகாது.

உள்ளூராட்சி மன்றம் அங்கீகரித்த கட்டட வரைபடத்தையும் பாருங்கள். உயர்நீர்மட்டக் கோட்டிலிருந்து தரைப்பக்கமாக 300 மீற்றர் வரை கரையோர வலயம் என்பதால், கரையோரப் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதிப்பத்திரமும் தேவைப்படும். கட்டி முடியாத மாடிக்கும், ஒவ்வொரு வீட்டையும் தனித்தனியாகக் காட்டும் தற்காலிகக் கூட்டு ஆதன வரைபடத்தைப் பதிய, தொடர்மாடி உடைமைச் சட்டத்தைத் திருத்திய 2003 ஆம் ஆண்டின் 39 ஆம் இலக்கச் சட்டம் இடம் தருகிறது. அது பதியப்பட்டுள்ளதா, அதில் உங்கள் வீட்டின் இலக்கமும் சதுர அடியும் விளம்பரத் தாளில் உள்ளவையும் ஒன்றுதானா என்று ஒப்பிடுங்கள். இவற்றின் பிரதிகளைக் காட்டத் தயங்கும் நிறுவனத்துடன் பேச்சை அத்துடன் நிறுத்திவிடலாம்.

பணத்தைத் தவணையாகக் கொடுங்கள்: அத்திவாரம், ஒவ்வொரு தளம், பூச்சு வேலை எனப் பொறியியலாளர் சான்றளிக்கும் கட்டங்களுக்கு ஏற்ப. கையளிக்கும் திகதி, தாமதித்தால் தரும் வட்டி, நீங்கள் விலகினால் எவ்வளவு திரும்பும் என்பவை உடன்படிக்கையிலேயே இருக்க வேண்டும். கடைசித் தவணையைக் கட்டட இணக்கச் சான்றிதழும் உறுதியும் கைக்கு வரும்போதே கொடுப்பதாக எழுதுவியுங்கள்.

இந்த 44 இலட்சம் உங்கள் பணிக்கொடையாக இருந்தால் இன்னுமொன்றையும் யோசியுங்கள். வங்கியில் நிலையான வைப்பாக இருக்கும் பணத்துக்கு, ஒரு வங்கியில் ஒருவருக்கு 11 இலட்சம் ரூபா வரை வைப்புக் காப்புறுதி உண்டு. கட்டுநருக்குக் கொடுத்த முற்பணத்துக்கு அதுவும் இல்லை. மருத்துவச் செலவுக்கும் இரண்டு ஆண்டு வாழ்க்கைச் செலவுக்கும் ஒதுக்கிய பின் மிஞ்சுவதை மட்டுமே இதில் இடுங்கள். மாத முடிவு என்பது அவர்கள் வைத்த கெடு. உங்கள் நொத்தாரிசு தேடலை முடிக்கும் வரை அவர்களைக் காத்திருக்கச் சொல்லுங்கள்.