முடிவு முதலிலேயே தெரிந்தும் 'மூலான் ரூஜ்' ஏன் அழவைக்கிறது?

பாஸ் லர்மன் இயக்கி 2001இல் வெளிவந்த இந்த இசைப்படத்தில், காதலி இறந்துவிட்டாள் என்பதைக் கதைசொல்லியான எழுத்தாளன் கிறிஸ்டியன் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறான். அப்படியிருந்தும் திரையரங்கில் கண்கள் கலங்குவது ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள்.

என் பார்வையில் இதற்கு முதற்காரணம் மூச்சு. நாயகி சாட்டீன் பாரிஸ் நகரக் கேளிக்கையரங்கின் பாடகி. அவளுக்கு வந்திருப்பதோ காசநோய். அறிமுகப் பாடலில், ஊஞ்சலில் அமர்ந்தபடி பாடிக்கொண்டிருப்பவள் ஒரு வரியின் நடுவே மூச்சுத் திணறிக் கீழே விழுகிறாள். அந்தச் சிறு திணறல் அரங்கின் ஒலிபெருக்கிகளில் நம் காதருகே கேட்டுவிட்டால், அதன்பின் அவள் பாடும் ஒவ்வொரு பாடலிலும், இந்த வரியை முடிப்பாளா என்ற பதைப்பு நம்மையறியாமல் தொற்றிக்கொள்கிறது. வசனத்தால் மட்டும் சொல்லப்படும் கதையில் இந்தப் பதைப்பு இவ்வளவு கூர்மையாக வராது.

அடுத்தது திரைச்சீலை. படமே ஒரு சிவப்புத் திரைச்சீலை விலகுவதில்தான் தொடங்குகிறது. இறுதியில், அவள் நடிக்கும் மேடை நாடகத்தின்போது, மனமுடைந்து பார்வையாளர்களுக்கு நடுவே வெளியேறும் கிறிஸ்டியனை, இருவருக்கும் மட்டுமே உரிய பாடலைப் பாடி அவள் திரும்ப அழைக்கிறாள், அவனும் திரும்புகிறான். திரைச்சீலை இறங்கியதும், அதன் பின்னால் அவன் மடியில் அவள் உயிர் பிரிகிறது. அப்பால் இருக்கும் கூட்டமோ எதுவும் அறியாமல் ஆரவாரம் செய்கிறது. அவர்களைப் போலவே இருக்கையில் அமர்ந்திருக்கும் நமக்கு மட்டும் உண்மை தெரியும், அதனால் கைதட்ட முடியவில்லை.