கிரெனடாவில் கிழமை பார்த்துச் சாப்பிடுங்கள்

கேள்வி: மகன் கரீபியன் கடலிலுள்ள கிரெனடா தீவில் மருத்துவம் படிக்கிறான். அவனைப் பார்க்க நானும் கணவரும் ஒரு வாரம் போகிறோம். ஓட்டல் பஃபே, கடற்கரை என்று இருந்துவிட்டுத் திரும்ப மனமில்லை. ஊர்க்காரர்கள் சாப்பிடுவதைச் சாப்பிட்டு, அவர்களோடு நாலு வார்த்தை பேச வேண்டும். கணவர் மாடு, பன்றி தொடமாட்டார். எப்படித் திட்டமிடலாம்?
- வாசகி, திருச்சி

பதில்: இடங்களின் பட்டியலை ஓரமாக வையுங்கள் அம்மா, காலண்டரை எடுங்கள். ஒரு வெள்ளியும் ஒரு சனியும் முழுசாகக் கையில் இருக்கும்படி டிக்கெட் போடுங்கள். மற்றதெல்லாம் தானாக அமையும்.

வெள்ளி மதியம் தலைநகர் செயின்ட் ஜார்ஜஸில் 5ஆம் எண் வேன் பிடித்து, மேற்குக் கரையிலுள்ள மீனவர் ஊரான கூயாவுக்குப் போங்கள். ஏறும்போதே எல்லோருக்கும் பொதுவாக ‘குட் ஆஃப்டர்நூன்’ சொல்லிவிட வேண்டும். கடையிலும் அப்படித்தான், வணக்கம் சொல்லாமல் விலை கேட்டால் முகம் மாறிவிடும். வெளிச்சம் இருக்கும்போதே அங்குள்ள ஜாதிக்காய் பதப்படுத்தும் நிலையத்தைப் பார்த்துவிடுங்கள். 2004இல் ஐவன் புயல் ஜாதிக்காய் மரங்களில் பெரும்பகுதியைச் சாய்த்துவிட்டது. ஜாதிக்காய் மரம் காய்ப்புக்கு வரவே வருஷக்கணக்காகும் என்பதால், அந்த அடி லேசில் ஆறவில்லை. இருட்டியதும் தெருவில் அடுப்புகள் எரியும். அதுதான் ‘ஃபிஷ் ஃப்ரைடே’. சுட்ட மீன், வறுத்த மீன், இறால் எல்லாம் கிடைக்கும். ராத்திரி வேன் கிடைப்பது கஷ்டம், திரும்ப டாக்சி பேசி வையுங்கள்.

சனி காலை தலைநகர் சந்தை. கோக்கோ உருண்டை வாங்குங்கள். பட்டை, ஜாதிக்காயோடு கொதிக்க வைத்தால் ‘கோக்கோ டீ’, அவர்களுடைய காலை பானம்.

தேசிய உணவான ‘ஆயில் டவுன்’ உணவகத்திலும் கிடைக்கும்; ஆனால் வீட்டு முற்றத்திலோ கடற்கரையிலோ விறகடுப்பில் வைப்பதுதான் ஆயில் டவுன். மகனின் வீட்டுக்காரரிடமோ அக்கம்பக்கத்திலோ முன்கூட்டியே கேட்கச் சொல்லுங்கள். பெரிய பானையில் உப்புக்கண்டம், ஈரப்பலா, உள்ளங்கையில் நீளமாக உருட்டிய மாவு, சேப்பங்கிழங்கு இலை என்று அடுக்கி, மஞ்சள் கலந்த தேங்காய்ப்பால் ஊற்றுவார்கள். பால் முழுக்கச் சுண்டி அடியில் எண்ணெய் மட்டும் நிற்கும்வரை கிளறமாட்டார்கள். அந்த ஒன்றிரண்டு மணி நேரப் பேச்சுக்காகத்தானே நீங்கள் போகிறீர்கள்! விருந்தாளியாக உட்காராதீர்கள், தேங்காய் துருவித் தருகிறேன் என்று முன்வாருங்கள். நம் கைக்கு அது பழகிய வேலைதானே.

கணவர் விஷயம்: பானையில் பெரும்பாலும் பன்றி வால் விழும். பிறகு பொறுக்கி எடுக்க முடியாது, முதலிலேயே சொல்லிவிடுங்கள். ராஸ்தாஃபாரி என்ற சமய இயக்கத்தார் சமைக்கும் ‘ஐட்டல்’ உணவில் இறைச்சியே இல்லை, அதைத் தேடிப்போகலாம். ரொட்டியும் மசாலாக் குழம்பும் தாராளமாகக் கிடைக்கும். 1857 முதல் தோட்ட வேலைக்குக் கொண்டுவரப்பட்ட இந்தியர்களின் சமையல் அந்த மண்ணில் ஊறிவிட்டது.

ஒரு நாள் மிஞ்சினால் ரிவர் அந்துவான் ரம் ஆலைக்குப் போகலாம். 1785இல் தொடங்கிய அந்த ஆலையில் இன்றும் தண்ணீர்ச் சக்கரம்தான் கரும்பைப் பிழிகிறது. அங்கே 75 சதவீத ஆல்கஹால் உள்ள ரம்மை வாங்கிவிடாதீர்கள், விமானத்தில் ஏற்றமாட்டார்கள். பயணிகளுக்கென்றே 69 சதவீதப் பாட்டில் வைத்திருக்கிறார்கள்.