சாப்பாட்டுச் சந்தேகங்கள்: பாங்காக்கில் ஒரு பெரிய விருந்து

எங்கள் திருமண வெள்ளி விழாவை ஒட்டிக் குடும்பத்தோடு பாங்காக் செல்கிறோம். ஒரு நாள் இரவு உயர்தரமான தாய்லாந்து உணவகம் ஒன்றில் சாப்பிட ஆசை. கணவரும் பிள்ளைகளும் அசைவம். நான் முட்டைகூடத் தொடாத சைவம். மீனையும் இறைச்சியையும் எடுத்துவிட்டுப் பரிமாறும்படி கேட்டால் போதுமா?
– வாசகி, திருநெல்வேலி

போதாது, அம்மா. தாய்லாந்துச் சமையலில் அசைவம் கண்ணுக்குத் தெரியும் துண்டுகளில் மட்டும் இருப்பதில்லை. நாம் உப்புப் போடும் இடத்தில் அவர்கள் பெரும்பாலும் 'நாம் பிளா' என்னும் மீன் சாற்றைத்தான் ஊற்றுகிறார்கள். கறிக்கு இடிக்கும் விழுதில் பேரரத்தை, எலுமிச்சைப் புல், சின்ன வெங்காயம், பூண்டு, மிளகாய் ஆகியவற்றோடு 'கபி' என்னும் இறால் விழுதும் சேர்ந்தே அரைபடுகிறது. (பெயரைக் கேட்டு நம் காப்பி என்று எண்ணிவிட வேண்டாம்.) ஆகவே, மேசையில் அமர்ந்த பிறகு "மீன் வேண்டாம்" என்று சொன்னால் துண்டுகள் போகும், விழுது போகாது. பப்பாளிக்காயை இடித்துச் செய்யும் சோம் தாமிலும் உலர்ந்த இறால் இருக்கும். கீரை வதக்கலில் சிப்பிச் சாறு இருக்கும்.

இரண்டு சொற்களை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 'மங்சவிரத்' என்பது நம் காதுக்கும் பழகிய மாமிசம், விரதி (விலகியிருத்தல்) என்ற வடசொற்களிலிருந்து போனது. அப்படிச் சொல்பவருக்கு முட்டை ஆகும் என்றே பலர் எடுத்துக்கொள்வார்கள். 'ஜே' என்பது அதைவிடக் கடுமையானது: முட்டை, பால், மீன் சாறு மட்டுமன்றி வெங்காயமும் பூண்டும்கூட விலக்கு. நீங்கள் வெங்காயம், பூண்டு சாப்பிடுபவர் என்றால் அதையும் குறிப்பிட்டு, மீன் சாறு, இறால் விழுது, சிப்பிச் சாறு, முட்டை ஆகிய நான்கும் கூடாது என்று முன்பதிவின்போதே எழுதிக் கேளுங்கள். வெங்காயமும் பூண்டும் இல்லாமல் தாய்லாந்துக் கறி பாதி உயிரோடுதான் இருக்கும் என்பதால் இதை வலியுறுத்துகிறேன்.

எல்லோருக்கும் ஒரே வரிசையில் பதார்த்தங்கள் வரும் டேஸ்டிங் மெனு உணவகங்களை உங்கள் குடும்பத்துக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். அவற்றுள் சில, சைவர்களுக்காக மாற்றிச் சமைக்க இயலாது என்று முன்கூட்டியே அறிவித்துவிடுகின்றன. மெனு கார்டைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கும் வசதியுள்ள இடமே உங்களுக்கு ஏற்றது. இனிப்பில் கவலை குறைவு. தேங்காய்ப்பாலில் ஊறிய ஒட்டரிசியும் மாம்பழமும் சைவமே.

தாய்லாந்து உணவகங்களில் கத்தி வைப்பதில்லை என்கிறார்களே. எப்படிச் சாப்பிடுவது, எப்படி ஆர்டர் செய்வது?
– வாசகர், சேலம்

வலக்கையில் கரண்டி, இடக்கையில் முள்கரண்டி. முள்கரண்டியின் வேலை சோற்றையும் கறியையும் கரண்டிக்குள் தள்ளிவிடுவது மட்டுமே. அதை வாய்க்குள் கொண்டுபோவதில்லை. இறைச்சியும் காய்களும் சமையலறையிலேயே சிறிதாக நறுக்கப்படுவதால் கத்திக்கு வேலையில்லை. அவர்களும் முன்பு நம்மைப்போல் கையால்தான் சாப்பிட்டார்கள். 19ஆம் நூற்றாண்டில் அரண்மனை வழியாகத்தான் கரண்டியும் முள்கரண்டியும் பரவின. ஒட்டரிசியை இன்றும் கையால் உருட்டியே உண்கிறார்கள். சோற்றுக்குச் சாப்ஸ்டிக் கேட்காதீர்கள். அது நூடுல்ஸுக்கு உரியது.

ஆளுக்கொரு தட்டு என்று ஆர்டர் செய்வதுதான் நம்மவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறு. நால்வர் போனால் ஒரு சூப், ஒரு கறி, 'யாம்' என்னும் புளிப்பும் காரமுமான சாலட் ஒன்று, ஒரு வதக்கல் என்று சொல்லி, எல்லாவற்றையும் நடுவில் வைத்துப் பகிர்ந்துகொள்ள வேண்டும். தேங்காய்ப்பால் கறி இரண்டு வேண்டாம். ஒரே இலையில் இரண்டு கூட்டு வைத்ததுபோல் ஆகிவிடும். ஆனால் நம் பந்தியில் சாம்பார், ரசம், மோர் என்று ஒன்றன்பின் ஒன்றாக நகர்வதுபோல் அங்கே நகர்வதில்லை. சூப் உட்பட எல்லாமே சோற்றோடு ஒன்றாக மேசையில் இருக்கும். ஒரு நேரத்தில் ஒரு பதார்த்தத்தில் ஓரிரு கரண்டி மட்டுமே தட்டில் எடுத்துக்கொள்வது நாகரிகம்.

தெருக்கடையிலேயே அருமையான சாப்பாடு கிடைக்கும் ஊரில் பல மடங்கு பணம் கொடுப்பானேன்?
– வாசகர், கோவை

பாதி ஒப்புக்கொள்கிறேன். நூடுல்ஸுக்கும் சோம் தாமுக்கும் தெருதான் சரியான இடம். உணவகங்களைத் தரம்பார்த்து நட்சத்திரம் வழங்கும் மிஷலின் கையேட்டின் முதல் பாங்காக் பதிப்பு 2017 டிசம்பரில் வெளிவந்தபோதே, ஜே ஃபாய் என்ற எளிய கடை தன் நண்டு ஆம்லெட்டால் ஒரு நட்சத்திரம் பெற்றது. அந்த ஆம்லெட்டின் விலை மட்டும் தெருவிலை அன்று.

உயர்தர உணவகத்தில் நீங்கள் பணம் கொடுப்பது உழைப்புக்கு. ஏப்ரல் வெயிலில் உண்ணும் 'காவ் சே'யை எடுத்துக்கொள்ளுங்கள். மோன் என்னும் இனத்து மக்களிடமிருந்து அரண்மனைக்குப் போன இவ்வுணவில், பாதி வெந்த அரிசியைத் தேய்த்துக் கழுவிக் கஞ்சிப்பசை நீக்கி, ஆவியில் வேகவைத்து, மல்லிகையும் வாசனை மெழுகுவத்திப் புகையும் ஏற்றிய குளிர்ந்த நீரில் போடுகிறார்கள். பார்வைக்கு நம் பழைய சோறு; ஆனால் புளிக்க வைப்பதில்லை. தொட்டுக்கொள்ள, பொரித்த இறால் விழுது உருண்டை, முட்டையை வலைபோல் பின்னிச் சுற்றிய மிளகாய் என ஒவ்வொன்றும் தனி வேலை. இதைத் தெருக்கடையில் எதிர்பார்ப்பது நியாயமன்று.

தாய்லாந்து உணவை இப்படி மேசைக்குக் கொண்டுவந்ததற்கு முதல் மிஷலின் நட்சத்திரம், ஆஸ்திரேலியரான டேவிட் தாம்சன் 2001இல் லண்டனில் தொடங்கிய 'நாம்' உணவகத்துக்குக் கிடைத்தது. மூன்று நட்சத்திரம் பெற்ற முதல் தாய்லாந்து உணவகமோ, தென் தாய்லாந்துச் சமையலையே நம்பி நிற்கும் பாங்காக்கின் 'சோர்ன்'. அதுவும் 2025ஆம் ஆண்டுக்கான கையேட்டில்தான். காரம் தாங்குவோம் என்று பெருமை பேசும் நமக்கும் அந்தத் தென்பகுதிக் கறிகள் கண்ணீர் வரவழைக்கும்.

மெனுவில் விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறிகள் எதற்கு?
– வாசகி, ஈரோடு

முதல் குறி 10 சதவீதச் சேவைக் கட்டணம். இரண்டாவது 7 சதவீத வரி. வரி, சேவைக் கட்டணத்தையும் சேர்த்த தொகைமீது போடப்படுவதால், 1,000 பாட் என்று அச்சிட்ட உணவுக்கு 1,177 பாட் கொடுப்பீர்கள். சேவைக் கட்டணம் பில்லிலேயே இருப்பதால் தனியாக டிப்ஸ் வைக்க வேண்டிய கட்டாயமில்லை.